சித்திரைப் பௌர்ணமியில் கட்டிய கயிறு

எங்கள் வாடகைக் கார் ஓட்டுநர் சங்கத்தின் செயலாளர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். நல்ல பையன். என்னைவிட இரண்டு தலைமுறை இளையவர். சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார். வெளிநாட்டுக்காரர்கள் கோடை வெயிலிலும் கூட்டத்திலும் மாட்டாமல் குமரியைப் பார்ப்பது எப்படி, எந்த மாதம் வரலாம், எந்த நேரத்தில் எங்கே நிற்கலாம் என்று, அந்தக் காலத்தில் துரைமாரை வைத்து வண்டி ஓட்டிய நான் எழுதித் தந்தால் இளைய டிரைவர்களுக்கு உதவும் என்றார்.

வெயிலைப் பற்றிக் கேட்டது சரி. அதற்குப் பதில் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. மார்கழியில் வரட்டும், தையில் வரட்டும், மாசி பாதி வரைக்கும் வரட்டும். பங்குனி பிறந்துவிட்டால் காலையிலும் மாலையிலும் மட்டும் வெளியே இறங்கட்டும். நடுப்பகலில் இங்கே நாயும் தெருவில் நிற்காது. கருமணல் கொதிக்கும்.

ஆனால் 'கூட்டம்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. கடலைப் பார்க்க வருகிறவனுக்குக் கடலோரத்தில் பிறந்தவன் இடைஞ்சல் என்று முதலில் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியும். அவரிடம்தான் நான் வேலை பார்த்தேன். ஆகவே செயலாளர் கேட்ட கட்டுரைக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். போடுவதும் போடாமல் விடுவதும் அவர்கள் இஷ்டம்.

நான் குமரிக்குப் பக்கத்திலுள்ள கொட்டாரத்துக்காரன். யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டப் பழகினேன். அரபு தேசத்துப் பஸ்ராவில் கோடையைக் கண்டேன். எங்கள் ஊர்ச் சித்திரையை அதற்கு முன்னால் குளிர்காலம் என்றே சொல்லலாம். அங்கே நானும் வெளிநாட்டுக்காரன்தான். வெயில் தாங்காமல் ஒரு பேரீச்சந்தோப்பில் போய் விழுந்தபோது அந்தத் தோப்புக்காரக் கிழவர் என்னை எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் யார், என்ன மதம் என்று அவர் கேட்கவில்லை. அவர் பெயரைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

நாற்பத்தேழில் ஊர் திரும்பினேன். கையில் லைசென்ஸ் இருந்தது, கொஞ்சம் பட்டாள இங்கிலீஷும் இருந்தது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு குமரியில் ஒரு விடுதியில் டிரைவராகச் சேர்ந்தேன். மலைத் தோட்ட முதலாளி ஒருவர் கட்டிய விடுதி அது. இப்போது அது இல்லை, இடித்துவிட்டார்கள். பெயர் எழுதவில்லை.

அங்கே தங்க வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நாடு சுதந்திரமாகிக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த பிறகும் விடுதியில் 'துரை', 'துரைசானி' என்ற சொற்கள் மட்டும் போகவில்லை. தோட்டத்துத் துரைமார் வருவார்கள். கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்புகிற வழியில் இந்தியாவின் கடைசி முனையைப் பார்த்துவிட்டுப் போக ஆசைப்படுகிறவர்கள் வருவார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் திருநெல்வேலிக்கு வந்துவிடுவார்கள். அங்கிருந்து அவர்களை அழைத்துவருவது என் வேலை.

கோடையில் அந்த வேலைக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். விடியுமுன் திருநெல்வேலியை விட்டுவிட வேண்டும். வள்ளியூரைத் தாண்டும்போது சூரியன் பனைமரத்துக்கு மேலே வந்துவிடக் கூடாது. வண்டியின் முன்னால் கித்தான் பையில் தண்ணீர் தொங்கும். அது எஞ்சினுக்கு. இன்னொரு பை ஆட்களுக்கு. இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. பின் சன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, நிறுத்துகிற இடத்திலெல்லாம் அதை நனைத்துக்கொள்வேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று முகத்தில் அடிக்கும். அங்கே ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி உப்புப் போட்ட மோர் கொடுப்பேன். சில துரைசானிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார்கள். இரண்டாவது டம்ளரும் கேட்பார்கள். பிறகு நாஞ்சில் நாட்டு வயல்களும் குளங்களும் வந்துவிடும். பத்து மணிக்கு முன்னால் விடுதி வராந்தாவில் அவர்களை இறக்கிவிட்டால் என் பொறுப்பு தீர்ந்தது. மாலை நாலு மணி வரை யாரும் வெளியே இறங்கக் கூடாது. இது விடுதியில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மேனேஜருக்கும் தெரியும். நன்றாகவே தெரியும். அதை மட்டும் வாசிக்கிறவர்கள் மறக்கக் கூடாது.

மேனேஜரின் பெயர் நீலகண்டன். நாகர்கோவிலில் படித்து, மலைத் தோட்டத்து பங்களாக்களில் வேலை பழகியவர். அவரிடம் குறை மட்டும்தான் இருந்தது என்று எழுதினால் நான் பொய்யன். போன வருஷம் வந்த விருந்தாளி முட்டையை எப்படி வேகவைக்கச் சொன்னார் என்பது அவருக்கு இந்த வருஷமும் நினைவிருக்கும். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். எங்களையெல்லாம் 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுவார். 'மிஸ்டர் செல்லையா' என்று மெதுவாக அவர் ஆரம்பித்தால் எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளை டிரில் கோட்டு போட்டிருப்பார். பத்து மணிக்கு மேல் வராந்தாவை விட்டு இறங்கமாட்டார். முற்றத்தைத் தாண்ட வேண்டியிருந்தால் ஒருவன் குடை பிடிக்க வேண்டும்.

விருந்தாளிகளிடம் அவர் விற்றது அறையும் சாப்பாடும் மட்டுமல்ல. 'ஆளில்லாத கடற்கரை' என்பதையும் விற்றார். அந்த எண்ணம் அவருக்கு வந்தது ஒரு துரைசானி, படம் வரைய உட்கார்ந்தால் சுற்றி நின்று பார்க்கிறார்கள் என்று குறைப்பட்டபோது. மறுநாள் விடுதிச் சுற்றுச்சுவரின் மூலையிலிருந்து கடலோரப் பாறை வரை ஒரு வடக்கயிற்றைக் கட்டினார். இரண்டு ஆட்களைக் கம்போடு நிறுத்தினார். அந்தம்மாள் வரைந்து முடித்ததும் கயிறு அவிழ்ந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒவ்வொரு விருந்தாளிக்கும் கயிறு கட்டப்பட்டது.

அந்தக் கயிறு எதைத் தடுத்தது என்று சொல்ல வேண்டும். கரையிலிருந்து ரோட்டுக்கு மீன்காரப் பெண்கள் கூடையோடு ஏறிவருகிற வழி அதுதான். சுவர் மூலையில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறும் உண்டு. முனையில் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் கரிக்கும், இந்தக் கிணறு மட்டும் இனிக்கும். விடுதி வருவதற்கு முன்பிருந்தே கரையிலுள்ளவர்கள் அங்கே குடம் நிறைத்தார்கள். கயிறு கட்டினால் வழியும் போயிற்று, தண்ணீரும் போயிற்று.

ரோசம்மை என்று ஒருத்தி. கரையிலிருந்து கொட்டாரத்துக்கு மீன் சுமந்து வந்து விற்பவள். எங்கள் வீட்டிலும் அவளிடம்தான் மீன் வாங்குவோம். ஒரு நாள் காலையில் கூடையோடு கயிற்றின் அருகே நின்றுகொண்டு மேனேஜரைக் கூப்பிட்டாள். சுற்றிப் போனால் முக்கால் மைல், அதற்குள் மீன் கெட்டுவிடும் என்றாள். அவர் வராந்தாவில் நின்றபடியே, விருந்தாளி எழுந்து உள்ளே போகிற வரைக்கும் அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

"அது மீனுக்குத் தெரியாதே ஐயா" என்றாள் ரோசம்மை.

நாங்கள் சிரித்துவிட்டோம். மேனேஜர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து விடுதிச் சமையலுக்கு அவளிடம் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்.

இனி அந்தச் சித்திரைப் பௌர்ணமி.

சித்திரைப் பௌர்ணமியன்று குமரியில் மாலை நேரத்தில் மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா எழும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். அதற்காக நாஞ்சில் நாட்டுக் கிராமங்களிலிருந்தெல்லாம் வில்வண்டியிலும் கட்டைவண்டியிலும் சனங்கள் வருவார்கள். கட்டுச்சோறு கொண்டுவருவார்கள். பிள்ளைகள் தோளில் இருக்கும். வருஷத்தில் அதிக வெயிலும் அதிக சனமும் ஒன்றாக வந்து சேர்கிற நாள் அது.

அந்த நாளுக்குத்தான் கொழும்பிலிருந்து ஒரு வயதான தம்பதியை வரவழைத்திருந்தார் நீலகண்டன். துரையின் பெயர் கிரிகர். கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், பருத்த உடம்பு. மனைவி மெலிந்தவர், காது கூர்மை. மார்கழியில்தான் அவர்கள் வருவதாக இருந்ததாம். மார்கழியில் கூட்டம் அதிகம், சித்திரையில் வந்தால் கடற்கரை காலியாக இருக்கும், கடற்காற்றில் வெயில் தெரியாது, சூரியனையும் சந்திரனையும் தனியாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று மேனேஜர்தான் தெரிவித்திருந்தார். ஆரல்வாய்மொழியில் மோர் குடிக்கும்போது அந்தம்மாள் இதை என்னிடம் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு டம்ளரைக் கழுவினேன்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்தவுடன் துரையையும் அம்மாவையும் பாறைப் பக்கம் கொண்டுபோய் உட்காரவைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சனம் இறங்குமுன் இடம் பிடித்துவிட வேண்டும் என்பது மேனேஜரின் கணக்கு. அதோடு திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வரப்போகிறார், விருந்தாளிகளோடு நின்று படம் எடுத்துக்கொள்வார். அதனால் துரை கோட்டும் டையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

நான் போய் மேனேஜரிடம் சொன்னேன். "சார், இந்த நேரத்துல மணல்ல இறக்கினா அவுரு தாங்கமாட்டாரு. நாலு மணிக்கு மேல கொண்டு போவோம்."

"மிஸ்டர் செல்லையா, நீரு வண்டிய மட்டும் பாரும்" என்றார். வராந்தா நிழலில் நின்றுகொண்டுதான் சொன்னார்.

இரண்டு நாற்காலிகளும் ஒரு பெரிய குடையும் மணலில் போட்டார்கள். கயிறு கட்டினார்கள். கம்போடு இரண்டு ஆட்கள் நின்றார்கள். கயிற்றின் அந்தப் பக்கம் அப்போதே சனம் சேர்ந்துவிட்டது. மேனேஜர் ஒருவனைக் குடை பிடிக்கச் சொல்லி, அதிகாரியை வரவேற்க ரோட்டு முனைக்குப் போய்விட்டார். நான் வண்டியைச் சுவர் ஓரம் நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன்.

சிறிது நேரத்தில் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. நான் ஓடி அதைப் பிடித்துத் திரும்பவும் ஊன்றினேன். மறுபடியும் போயிற்று. இந்த முறை கம்பி வளைந்து கடலில் விழுந்தது. உள்ளே வந்துவிடுங்கள் என்று துரையைக் கூப்பிட்டேன். அதிகாரி வந்ததும் எழுந்துகொள்கிறேன், அதற்குமுன் போனால் மரியாதையாக இருக்காது என்றார். முகம் செம்பரத்திப் பூ மாதிரி சிவந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்பும் வற்றியது. வேர்வை நின்றுபோயிற்று. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பேச்சு குழறியது. நாற்காலியோடு மணலில் சாய்ந்துவிட்டார்.

அம்மா கத்தவில்லை. எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். நான் ஓடிப்போய் துரையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன், நகரவில்லை. மணல் என் உள்ளங்காலையே பொசுக்கியது. அவர் கன்னம் அந்த மணலில்தான் கிடந்தது. கம்பு வைத்திருந்த ஆட்களைக் கூப்பிட்டேன். ஒருவன் வந்தான். இன்னொருவன் கயிற்றை விட்டு வரமாட்டேன் என்றான், சனம் உள்ளே வந்துவிடுமாம். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்தும் பத்தடி நகர்த்த முடியவில்லை.

கயிற்றின் அப்புறத்திலிருந்து சூசை கூப்பிட்டான். ரோசம்மையின் புருஷன். வலைத் தொழில்காரன். "ஏலே, கயித்த விடுங்கலே. மனுசன் சாவக் கெடக்கான்."

மேனேஜர் சொல்லாமல் விடமுடியாது என்றான் கம்புக்காரன்.

கடலுக்குப் போகிறவன் இடுப்பில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும். வலை சிக்கினால் அறுக்கவும், கயிறு இறுகினால் வெட்டவும் அது இல்லாமல் முடியாது. சூசை அதை எடுத்து வடத்தை ஒரே அறுப்பாக அறுத்தான். அறுத்த கையோடு துரையிடம் ஓடிவந்தான். அவன் பின்னால் சனம் வந்தது.

அந்தச் சனம் என்ன செய்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ரோசம்மைதான் முதலில் குரல் கொடுத்தாள். "ஏட்டி, முந்தானைய விரிச்சுப் பிடியுங்கட்டி."

கடற்கரைப் பெண்களும், வண்டியில் வந்திருந்த கிராமத்துப் பெண்களும், ஒருவரை ஒருவர் அதற்குமுன் கண்டிராதவர்கள், துரையைச் சுற்றி நெருங்கி நின்று முந்தானைகளைத் தலைக்குமேல் விரித்துப் பிடித்தார்கள். அந்த வெட்டவெளியில் ஒரு பந்தல் அளவுக்கு நிழல் விழுந்தது. ஆண்கள் துரையைத் தூக்கினார்கள். பெண்கள் நிழலைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார்கள். கிணற்றடியில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். கோட்டையும் டையையும் எடுத்துவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து ஊற்றினார்கள். யாரோ பனையோலை விசிறியால் வீசினார்கள். ஒரு கிழவி துரைசானியின் கையைப் பிடித்து நிழலில் இழுத்து உட்காரவைத்து, தன் கட்டுச்சோற்றுக்குக் கொண்டுவந்திருந்த பானைத் தண்ணீரைக் கொடுத்தாள். கடைசியில் துரையின் இமை அசைந்தது.

அப்போதுதான் மேனேஜர், அதிகாரி, ஒரு போலீஸ்காரர் மூன்று பேரும் வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது அறுந்த கயிறு, கிணற்றைச் சுற்றி நூறு பேர், கீழே கிடக்கும் வெள்ளைக்காரர், பக்கத்தில் சூசை. கத்தியை அவன் இன்னும் இடுப்பில் செருகியிருக்கவில்லை. டையின் முடிச்சு இறுகி அவிழாததால் அதைக் கொண்டுதான் அறுத்திருந்தான்.

அதிகாரி என்ன இது என்று கேட்டார். நீலகண்டன் ஒரு நொடி நின்றார். நான் சொன்னதை மத்தியானம் கேட்டது அவர் காதுதான். வெயிலில் உட்காரவைத்தது அவர் உத்தரவுதான். எல்லாம் அந்த ஒரு நொடியில் அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். பிறகு துரைசானிக்குப் புரியாத தமிழில், மெதுவான குரலில் சொன்னார். "சனம் கயித்த அறுத்துட்டு உள்ள பாஞ்சிருக்கு சார். துரைய நெரிச்சுத் தள்ளியிருக்காங்க."

நான் ஓடிப்போய், இல்லை, வெயிலில் மயங்கி விழுந்தார் என்றேன். என்னை யாரும் பார்க்கவில்லை. துரையை உடனே நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று உத்தரவு. அவர் உயிர் என் வண்டியில் இருந்தது, நின்று வாதாட முடியவில்லை. வண்டியைத் திருப்பும்போது சூசையின் இரண்டு கைகளையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போலீஸ்காரர் நடந்தார். ரோசம்மை அவர்கள் பின்னால் மணலில் ஓடினாள்.

துரை பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது, தண்ணீர் ஊற்றியவர்கள் நல்ல காரியம் செய்தார்கள் என்று டாக்டர் சொன்னார். மேனேஜரும் அப்போது பக்கத்தில்தான் நின்றார். தலையாட்டினார். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆளனுப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னேன். டிரைவர் பேச்சைக் கேட்டு விடமுடியாது, விடுதி மேனேஜர் வந்து சொல்லட்டும் என்றார் இன்ஸ்பெக்டர். உள்ளே சூசையைப் பார்க்கவும் விடவில்லை. வெளியே ரோசம்மை உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் துரை எழுந்து உட்கார்ந்தார், அதுவரை அம்மாவிடம் பேச எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அம்மா மேனேஜரிடம், கத்தியால் டையை அறுத்து எடுத்தாரே, அந்த மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும், அழைத்துவர முடியுமா என்று கேட்டார். நான் ஆஸ்பத்திரி அறை வாசலில் துரையின் பெட்டியோடு நின்றிருந்தேன். மேனேஜர் புன்னகையோடு, அவர் மீன்பிடிக்கப் போய்விட்டார், வர நாளாகும் என்றார்.

பட்டாளத்தில் கற்ற இங்கிலீஷ் அவ்வளவு காலம் எனக்கு எண்ணெய் ஊற்றவும் வழி கேட்கவும் மட்டும்தான் பயன்பட்டது. அன்று வேறு வேலைக்குப் பயன்பட்டது. பெட்டியைக் கீழே வைத்தேன். அவர் கடலுக்குப் போகவில்லை அம்மா, போலீஸ் லாக்கப்பில் இருக்கிறார், உங்களுக்காகக் கட்டிய கயிற்றை அறுத்ததற்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றேன்.

அந்தம்மாள் என்னைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார். எந்தக் கயிறு என்று கேட்டார். அது எங்களுக்காகவா கட்டியது என்றும் கேட்டார். சனங்கள் அத்தனை பேரும் ஒதுங்கி நின்றது இந்த ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டாராம். நாங்கள் அமைதியான இடம் கேட்டோம், இதைக் கேட்கவில்லை என்றார்.

அவர் நல்லவர். ஆனாலும் இந்தப் பேச்சை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. கையில் கம்போடு இரண்டு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு, எதற்கு நிற்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல்தானே நாற்காலியில் உட்கார்ந்தார். ஆளில்லாத கடற்கரை வேண்டுமென்று கேட்டால், இருக்கிற ஆட்களை யாராவது அப்புறப்படுத்தித்தான் தீர வேண்டும். அதை யோசிக்க வயதோ படிப்போ வேண்டாம்.

ஆனால் யோசித்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. வண்டியை எடு என்றார். ஸ்டேஷனுக்குப் போனோம். மேனேஜரும் கூடவே ஏறிக்கொண்டார். வழிநெடுக முன் சீட்டில் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று அம்மாவுக்கு நாற்காலி போட்டார். நான் சொன்னபோது காதில் விழாத அதே கதையை அம்மா சொன்னதும் உட்காராமல் நின்று கேட்டார். சூசையை வெளியே கொண்டுவந்தார்கள்.

அம்மா எழுந்து அவன் கையைப் பிடிக்கக் கை நீட்டினார். சூசை வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினான். அப்போதுதான் பார்த்தோம். வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் வீங்கிக் கறுத்துப்போயிருந்தன. கத்தி பிடித்த கை என்று பார்த்து அடித்திருக்கிறார்கள்.

அம்மாவின் கண் கலங்கியது. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, வழக்கு எதுவும் இல்லை என்று அவரிடம் இங்கிலீஷில் சொன்னார். பிறகு சூசையிடம் திரும்பி, "இனிமே அந்த விடுதிப் பக்கம் ஒன்னைக் காணப்பிடாது, கேட்டியா?" என்றார். அவர் என்ன சொன்னார் என்று அம்மா என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். இது உள்ளூர் விஷயம், இதில் நாங்கள் தலையிட முடியாது என்றார் அம்மா. அந்த வாரம் அவர்கள் கப்பலேற வேண்டியிருந்தது.

சூசை என் வண்டியில் ஏறவில்லை. ரோசம்மை அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஸ்டேஷன் படியில் அவள் மேனேஜரைத் தாண்டும்போது நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தக் கயித்த நீங்களே கெட்டுனியளா, ஆளு வச்சுக் கெட்டுனியளா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மாவையும் துரையையும் ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய அன்று நீலகண்டன் என்னை அழைத்தார். "மிஸ்டர் செல்லையா, வண்டிச் சாவிய மேசை மேல வையும்" என்றார். அவ்வளவுதான். குரல் உயரவே இல்லை. நானும் சாவியை வைத்துவிட்டு இறங்கினேன்.

நாகர்கோவிலில் ஒருவரிடம் லாரி ஓட்டப் போனேன். நெல்லும் தேங்காயும் ஏற்றினேன். சூசையின் விரல்கள் மடங்கவில்லை. மடங்காத விரலால் வலையின் வடத்தைப் பிடித்து இழுக்க முடியாது. கட்டுமரத்தில் கடலுக்குப் போவது நின்றது. கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலை பின்னும் வேலைக்குப் போனான், அதையும் இடது கையால் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. ரோசம்மை காலையில் ஒரு கூடை, மத்தியானம் ஒரு கூடை என்று இரண்டு நடை கொட்டாரத்துக்கு வந்தாள். சுற்றுவழியாகத்தான் வந்தாள்.

ஏனென்றால், அடுத்த சித்திரைக்குள் கயிறு இருந்த இடத்தில் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள். விருந்தாளிகளைக் கூட்டம் நெரித்ததால் பாதுகாப்பு தேவைப்பட்டதாம். ஒரு கிழவரை வெயிலில் வதக்கியவன் சொன்ன பொய் அப்படியே நின்றுவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடிய சனங்கள், ஒரு வெள்ளைக்காரரைக் கொல்லப் பார்த்தவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். அந்தத் துரை சாகாமல் ஊர்போய்ச் சேர்ந்தது அவர்களால் என்பதை எந்த அதிகாரியும் எங்கேயும் சொல்லவில்லை. கிணறும் கம்பிக்கு உள்ளே போய்விட்டது. கரைப் பெண்கள் பக்கத்து ஊரிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள்.

ஐம்பத்தாறு நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் திருவனந்தபுரத்து ஆட்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அன்று பள்ளிக்கூடங்களில் கொடி, தெருக்களில் தோரணம். கொட்டாரத்து ஆட்கள் பலரும் குமரிக்குப் போக ஆசைப்பட்டார்கள். முதலாளியிடம் கேட்டு லாரியை எடுத்துவந்தேன். பின்னால் ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே போய்ப் பார்த்தால் நாலா பக்கமும் சனம். யாரும் திட்டம் போடவில்லை. கடலைப் பார்க்க வந்தவர்கள் கடலுக்கு எது நேர்வழியோ அதில் நடந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் கம்பியில் முட்டினார்கள், பின்னால் இருந்தவர்கள் நிற்கவில்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்த கம்பி அறுந்தது. தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நான் லாரியை நிறுத்தி இறங்கி, விழுந்த கம்பியில் பிள்ளைகளின் கால் படாதபடி அதைச் சுருட்டி ஓரமாகப் போட்டேன். கூட நாலைந்து பேர் வந்து பிடித்தார்கள்.

சூசை கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தான். இடது கையால் கயிற்றை இழுத்து, அதை வலது முழங்கையில் சுற்றிச் சுற்றி நிறுத்தி, வாளியை மேலே கொண்டுவந்தான். வந்தவர்கள் கை குவித்து நீட்டினார்கள், ஊற்றினான். நான் போய் நின்றபோது எனக்கும் ஊற்றினான்.

ரோசம்மை கரையிலிருந்து கூடையோடு ஏறிவந்தாள். நேராக விடுதி வராந்தாவின் கீழே வந்து நின்றாள். நீலகண்டன் மேலே நின்றிருந்தார். அதே வெள்ளைக் கோட்டு.

"ஐயா, இப்பம் கரையேறுன சாளை. எடுக்கியளா?" என்று கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரோசம்மை கூடையைச் சரியாக வைத்துக்கொண்டு அந்த வழியாகவே ரோட்டுக்கு ஏறினாள்.

தூண்களைத் திரும்ப நட்டுக் கம்பி கட்ட நீலகண்டன் அந்த வாரமே ஆள் தேடினார். குமரியில் கேட்டார், கொட்டாரத்தில் கேட்டார், இரட்டைக் கூலி தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை.